எண்ணூர் மணலை ஒருமுறை சலித்துப் பாருங்கள்

தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், சென்னை மாநகராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

வடசென்னையின் காசிமேட்டில் தொடங்கி, எண்ணூர் முகத்துவாரத்தைக் கடந்து, பழவேற்காடு வரை நீளும் கடற்கரையில் மிகச் சிறிய கடல் நத்தைகளின் ஓடுகள் மணலோடு மணலாகக் கிடக்கின்றன. அவற்றை முறையாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சங்கு, சோழி போலக் குனிந்து பொறுக்கக்கூடிய ஓடுகளைச் சொல்லவில்லை. நான் சொல்பவை ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. பல ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாதவை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 41ஆம் பிரிவில், ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் உயிர்வளத்தை ஆவணப்படுத்தக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு வைத்திருக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தச் சிற்றுயிர்களுக்கும் பக்கங்கள் வேண்டும்.

நான் திருவொற்றியூர்க்காரி. பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். எர்ணாவூர்க் கரையில் உட்கார்ந்து சல்லடையும் கைலென்ஸுமாக மணலைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, மீன் கூடையோடு போகிற ஆயாக்கள் நின்று, "இன்னா டீச்சரு, நொய் பொடைக்கிற மாதிரி பொடைச்சினு கீற?" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அலை ஒதுக்கிவிட்டுப் போகும் வரியில் படிந்திருக்கும் கிளிஞ்சல் துகள் பார்வைக்கு நொய்யரிசியேதான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தால்தான் அதில் பாதி உடைந்த துண்டு, மீதி முழு வீடு என்று தெரியும். அந்த வீடுகளில் குஞ்சுகள் இருக்கும். இனிமேல் வளர்ந்து பெரிதாகியிருக்க வேண்டியவை. ஆனால் பல ஓடுகள் குஞ்சுகளுடையவை அல்ல. அவை முழுதாக வளர்ந்து, முட்டையிட்டு, ஆயுளை முடித்துக்கொண்ட நத்தைகளுடையவை. அவ்வளவுதான் அவற்றின் உருவம்.

இந்தச் சின்ன உருவங்கள் ஓரத்தில் ஒதுங்கிய சிறுபான்மை அல்ல. வெப்பக் கடல்களின் மெல்லுடலிகளில், அதாவது நத்தை, சிப்பி போன்றவற்றில், பெரும் பங்கு இவைதான். பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவின் மேற்குக் கரையில் 295 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரு குழு சல்லடை போட்டுத் தேடி, 2002ல் முடிவுகளை வெளியிட்டது. அந்த ஒரே இடத்தில் கிடைத்தவை 2738 இனங்கள். அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு இனங்களுக்கு ஒரே ஒரு ஓடுதான் அகப்பட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாதிரி எடுத்த இடங்களில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கிடைத்தது. எங்கள் கரை பவளத்திட்டு அல்ல. மணலும் சேறும் கல்லும் கலந்தது. அத்தனை எண்ணிக்கை இங்கே வராது. ஆனால் அந்த ஆய்வு காட்டிய இயல்பு இங்கேயும் பொருந்தும்: அரிதாக இருப்பதுதான் இவற்றின் வழக்கம். கண்ணுக்குத் தெரியும் பெரிய ஓடுகளை மட்டும் எண்ணிவிட்டு ஒரு கரையின் பட்டியல் முடிந்தது என்று கையெழுத்துப் போட முடியாது.

இந்த ஓடுகள் சொல்லும் சேதியையும் நீங்கள் கேட்க வேண்டும்.

வலம்புரிச் சங்கு என்றால் நம் மக்கள் எவ்வளவு விலையானாலும் கொடுப்பார்கள். பூசையறையில் பட்டுத்துணி விரித்து வைப்பார்கள். சாதாரணச் சங்கின் கூர்முனையை மேலே பார்த்தபடி பிடித்தால் வாய் வலப்பக்கம் திறந்திருக்கும். வலம்புரியில் இடப்பக்கம் திறந்திருக்கும். பல்லாயிரம் சங்குகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. நான் சொல்லும் சிறு நத்தைகளில் டிரைஃபோரிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள, முத்து முத்தாகப் புடைப்பு வரிசை ஓடும் ஊசிக் கோபுரங்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு சிறு கிளை தவிர மற்ற எல்லாமே வலம்புரியின் திசையில் சுற்றியவை. லட்சங்களில் விலை பேசும் அந்தத் திருப்பம், நாம் செருப்புக் காலோடு மிதித்துப் போகும் மணலில் கிடக்கிறது. என் மாணவிகளிடம் இதைக் காட்டும்போது லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

டிரைஃபோரிடே நத்தைகள் கடற்பஞ்சுகளைத் தின்று வாழ்கின்றன. ஆகவே ஒரு கரையில் அவற்றின் ஓடு புதிதாக, மழுங்காமல் ஒதுங்கினால், பக்கத்துக் கடலடியில் எங்கோ கடற்பஞ்சு இருக்கிறது என்று பொருள். யூலிமிடே என்று இன்னொரு குடும்பம். பளபளவென்று மெருகேற்றிய வெள்ளை ஊசிகள். இவை நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவற்றின் மேலோ உள்ளேயோ ஒட்டுண்ணியாக வாழ்பவை. ஓட்டின் மேல் வரிசையாக விலாப் போன்ற மேடுகள் ஏறி நிற்கும் எபிடோனியம் வகை நத்தைகளுக்குக் கடல் சாமந்திகள்தான் இரை. பைரமிடெல்லிடே குடும்பத்தில் பெரும்பாலானவை புழுக்களிலும் சிப்பிகளிலும் ஊசி போன்ற உறுப்பைச் செருகி உடல்நீரை உறிஞ்சுகின்றன. ஒரு கைப்பிடி மணலில் இந்த நான்கும் இருந்தால், நீங்கள் படகும் வலையும் முக்குளிப்பவரும் இல்லாமலேயே கடலடியின் குடிமக்களில் நாலு கூட்டத்தாருடைய முகவரியை வாங்கிவிட்டீர்கள். நானறிந்தவரை வேறெந்தக் கணக்கெடுப்பும் இவ்வளவு மலிவாக இவ்வளவு சொல்லாது.

சீகம் என்ற நத்தை ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறக்கும்போது மற்ற நத்தைகளைப் போலச் சுருண்ட ஓட்டோடுதான் பிறக்கிறது. வளர வளர ஓடு சுருளாமல் குழாயாக நீள்கிறது. பிறகு அந்தக் குழந்தைச் சுருளை உதிர்த்துவிட்டு, உதிர்த்த இடத்தை உள்ளிருந்தே சுண்ணாம்பால் அடைத்துக்கொள்கிறது. மணலில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, லேசாக வளைந்த ஒரு வெள்ளைக் குழாய். நத்தை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். புழுக்குழாய் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மற்ற நத்தைகளோ குழந்தைப் பருவத்தைத் தலையில் சுமந்துகொண்டே திரிகின்றன. ஓட்டின் உச்சியில் உள்ள முதல் சில சுற்றுகள் குஞ்சுப் பருவத்தில் உண்டானவை. அந்தச் சுற்றுகள் நிறைய, நெருக்கமாக இருந்தால் அந்தக் குஞ்சு பல நாள் கடல்நீரில் மிதந்து, உண்டு, எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. ஒன்றிரண்டு சுற்று மட்டும் உருண்டையாக இருந்தால், முட்டையிலிருந்து வெளிவந்து அதிக தூரம் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது. இது எங்கள் கரைக்கு எவ்வளவு பெரிய சேதி என்று எண்ணிப் பாருங்கள். மிதந்து வரும் இனம் ஓரிடத்தில் அழிந்தாலும் பக்கத்துக் கடலிலிருந்து மறுபடி வந்து குடியேறலாம். தங்கிவிடும் இனம் அழிந்தால் அப்படி எளிதில் திரும்பாது. எந்த இனத்தின் இழப்பு மீளும், எதன் இழப்பு மீளாது என்பதை ஓட்டின் உச்சியை வைத்தே முன்கூட்டி அனுமானிக்கலாம்.

இனி, இதை ஏன் இப்போது, ஏன் வடசென்னைக்குக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

2017 ஜனவரி 28ஆம் தேதி விடியலுக்கு முன், எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அந்தக் கருஞ்சேற்றை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் பரவி, எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம் மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் தண்டில் நீர்மட்டத்தின் அளவுக்குக் கோடு போட்டதுபோல எண்ணெய் நின்றது. கூழைக்கடாக்கள் இறகு கறுத்துத் திரிந்தன. படகுகளுக்கும் குடும்பங்களுக்கும் அரசு நிவாரணம் அறிவித்தது. அது வேண்டியதுதான்.

ஆனால் சேற்றில் இருந்தவை என்ன ஆயின? அதற்குப் பதில் சொல்ல, எண்ணெய் வருவதற்கு முன் அந்தச் சேற்றில் என்னென்ன இருந்தன என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். ஆமை இறந்தால் கரையில் கிடக்கும், படம் எடுக்கலாம். பறவை இறந்தால் தெரியும். கழிமுகச் சேற்றில் மேய்ந்து, இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வாழும் அதே இடத்தில் வாழ்ந்த இரண்டு மில்லிமீட்டர் நத்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தாலும் யாருக்கும் தெரியாது. ஆற்று முகத்துக்கே உரிய இரவாடியா, ஸ்டெனோதைரா, அஸிமினியா போன்ற சிறு நத்தைகள் உவர்சேற்றிலும் அலையாத்தி வேரடியிலும் வாழ்பவை. அவை இருந்தனவா, எவ்வளவு இருந்தன, இப்போது மிஞ்சியவை எவை என்று கேட்டால், காட்ட ஒரு புட்டி மாதிரி மண்கூட இல்லாமல் நிற்கிறோம்.

இங்கேதான் செத்த ஓடுகள் கைகொடுக்கின்றன. நத்தை இறந்தாலும் ஓடு உடனே மறைந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூட, படிவில் தங்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கிட்வெல் 2007ல் வெளியிட்ட ஆய்வில், உலகின் பல கடற்பகுதிகளிலிருந்து கிடைத்த கணக்குகளை ஒப்பிட்டார். ஒரு கடலடியில் இப்போது உயிரோடு இருக்கும் மெல்லுடலிகளையும் அதே மண்ணில் கிடக்கும் இறந்த ஓடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனிதத் தொல்லை குறைந்த இடங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கழிவுநீரின் ஊட்டம் மிகுந்த இடங்களிலும் இழுவைமடி உழுத இடங்களிலும் ஒத்துப்போகவில்லை. இறந்தவற்றின் பட்டியலில் இருப்பது உயிரோடு இருப்பவற்றின் பட்டியலில் இல்லை என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது. முன்பு யாரும் கணக்கெடுக்காத இடத்திலும் முன்னைய நிலையை ஓரளவு மீட்டெடுக்க வழி இருக்கிறது என்பதுதான் இதன் பயன். எண்ணூருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காக்கா ஆழி கதையை நீங்கள் அறிவீர்கள். தென் அமெரிக்க, நடு அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற கறுப்பு ஆழி, ஒரு வகைச் சிப்பி. கப்பல்கள் நிலைதடுமாறாமலிருக்க நிரப்பிக்கொள்ளும் நிறைநீரோடு வந்திருக்கும் என்பது பலரின் கருத்து. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மஞ்ச மட்டியும் இறாலும் புதைய இடமில்லாமல் செய்துவிட்டது என்று முதலில் சொன்னவர்கள் மீனவர்கள். அவர்கள் சொன்னதை அதிகாரிகள் ஏற்கும் நிலை வர நாளாயிற்று. கழிமுகத்தில் ஆங்காங்கே ஒரு குழாயை நட்டு மண்ணை அடுக்கோடு எடுத்து, மேலிருந்து கீழாக ஓடுகளைப் பிரித்திருந்தால், எந்த அடுக்குவரை மஞ்ச மட்டியும் சிறு நத்தைகளும் இருந்தன, எந்த அடுக்கில் காக்கா ஆழி நுழைந்தது என்று மண்ணே காட்டியிருக்கும். இன்றும் காட்டும். தூர்வாருவதற்கு முன் எடுத்தால்.

சென்னைக் கரையின் ஓடுகளை யாருமே பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 1898லேயே மெல்வில், ஸ்டாண்டன் என்ற இரு ஆங்கிலேய ஓட்டியலாளர்கள் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கிடைத்த கடல் மெல்லுடலிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். 1851ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் ஓடுகளைச் சேர்த்துக் காத்திருக்கிறது. அங்கே பணியாற்றிய எஸ். டி. சத்தியமூர்த்தி 1950களில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மெல்லுடலிகளைப் பற்றி எழுதியது இன்றும் கையில் வைத்துப் புரட்டத் தக்கது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் சாந்தோமில் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். அறிவும் ஆட்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணை எண்ணூர்ப் பக்கம் திருப்ப ஓர் ஆணை வேண்டும்.

மெல்வில், ஸ்டாண்டன் பட்டியலிட்ட கரை இப்போது இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. தென்காற்றுக் காலத்தில் வடக்கே போகும். வாடைக்காலத்தில் தெற்கே வரும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியதும் அந்த நடை தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் கரையை இழந்துகொண்டே வந்தன. தெருக்களும் கோயில்களும் கடலுக்குள் போனதைச் சொல்லும் பெரியவர்கள் எங்கள் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். இப்போது எண்ணூர் விரைவுச்சாலை ஓரமாகக் கருங்கல் சுவர். இடையிடையே தூண்டில் வளைவுகள். மணல் இருந்த இடத்தில் கல் வந்ததால் பாறையில் வாழும் நத்தைகளும் கல்லில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளும் பச்சை ஆழியும் குடியேறியிருக்கின்றன. அவையும் கணக்கில் வர வேண்டியவைதான். மணல் மிஞ்சிய சில துண்டுகளில்தான் பழைய கரையின் குடிகள் ஒதுங்க இடமிருக்கிறது. பொத்தான் போன்ற அம்போனியம் நத்தைகளும், அலை வடியும்போது ஓடி ஓடிப் புதைந்துகொள்ளும் மட்டிகளும் அங்கேதான் எஞ்சுகின்றன.

எப்படிச் செய்வது என்பதில் பெரிய கடினம் இல்லை. நான்கு, இரண்டு, ஒன்று, அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடைகள். அலை வரியிலிருந்தும், அதற்கு மேலும் கீழும், கழிமுகச் சேற்றிலிருந்தும் அளந்து எடுத்த மண். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்தி, அளவுவாரியாகச் சலித்து, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். அகப்பட்ட அழகானவற்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொட்டக் கூடாது. அளந்த மண் முழுவதையும் பார்க்க வேண்டும். மண் கூடக் கூடப் புதிய இனம் வருவது எங்கே குறைகிறது என்று வரைந்து பார்த்தால்தான் போதுமான அளவு எடுத்தோமா என்று தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு கொண்டுவருவது வேறு, கோடையில் கடல் தருவது வேறு.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. கரையில் கிடக்கும் ஓடு கிடக்கும் இடத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. அலை கனம் பார்த்து ஓடுகளைப் பிரித்து வைக்கும். துறவி நண்டு ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகும். துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மணலைக் கரையில் கொட்டினால் ஆழமான பகுதியின் ஓடுகள் வந்து கலந்துவிடும். அதனால்தான் ஒரு மாதிரி போதாது. அதனால்தான் எங்கே எப்போது எந்த மணல் கொட்டப்பட்டது என்ற விவரத்தைத் துறைமுக நிர்வாகங்களிடம் நீங்கள் கேட்டு வாங்கித் தர வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கேட்டால் கிடைக்காது.

பிரிப்பது யார் என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. காசிமேட்டில் விடியற்காலையில் இறாலும் நெத்திலியும் தரம் பிரிக்கும் பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு குவியலில் கை போனால் பெரிசு, சிறுசு, வேற்றினம், கெட்டது எல்லாம் தனித்தனியாக விழும். பேச்சும் நிற்காது. கல்லூரி மாணவருக்குப் பல மாதம் பழக்கி வரவழைக்கும் கண்ணும் கையும் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவரை. அந்த இரண்டு மாதம் விசைப்படகு போகாது, இந்தப் பெண்களில் பலருக்கு வேலை இராது. அந்த நாட்களில் நாள்கூலி கொடுத்து அவர்களை இந்த வேலைக்கு எடுங்கள். இனம் காண்பதை நிபுணர்கள் செய்யட்டும். உருவம் பிரிப்பதை இவர்கள் செய்யட்டும். அறிக்கையில் இவர்கள் பெயரும் வரட்டும். "மக்கள்" பல்லுயிர்ப் பதிவேடு என்று பெயர் வைத்துவிட்டு மக்களை வெறும் தகவல் சொல்பவர்களாக வைத்திருப்பது நியாயமில்லை.

அதே சல்லடையில் இன்னொன்றும் வரும். பிளாஸ்டிக் உருண்டைகள். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த அந்த உருண்டைகள் குமரிக் கரை வரை ஒதுங்கின. அவையும் சில மில்லிமீட்டர் அளவே. நத்தை எண்ணும் கை அவற்றையும் தனியே எண்ணி வைக்கும், கூடுதல் செலவில்லை.

எடுத்ததைக் காப்பது எடுப்பதைவிட முக்கியம். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் ஓடுகளை வைத்தால் அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி சுண்ணாம்பு ஓட்டை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். சிறிய ஓடுகள் முதலில் போகும். கண்ணாடிக் குப்பி, பென்சிலால் எழுதிய சீட்டு, இடம், நாள், எடுத்தவர் பெயர், குளிர்ந்த உலர்ந்த அறை. பிரிக்காத மண்ணிலும் ஒரு பகுதியை அப்படியே வைக்க வேண்டும். இன்னும் முப்பது ஆண்டு கழித்து வருபவருக்கு நம்மிடம் இல்லாத கருவி இருக்கும். எழும்பூரோ சாந்தோமோ, ஒரு நிரந்தர இடத்தில், எண்ணூர்க் கரை என்ற தலைப்பில் ஓர் அலமாரி.

குப்பத்தில் என்னிடம் ஒருவர் கேட்டார்: "எங்க வயித்தப் பாக்காத, நத்தையப் பாக்க வந்துட்டியா?" அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த ஆறு, சுடுநீர், எண்ணெய், மூச்சுத் திணறல் என்று வாழும் ஊரில் அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. அவரிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவருடைய வயிறும், அந்தச் சேற்றின் உயிரும் ஒன்றுதான். ஆறு கெட்டது என்று அவர் சொன்னால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறார்கள். நாளை ஒரு விசாரணையில், ஓர் இழப்பீட்டுக் கணக்கில், ஒரு துறைமுக விரிவாக்கத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், இந்தச் சேற்றில் இன்னின்ன உயிர்கள் இருந்தன, இந்தத் தேதியில் எடுத்த குப்பி இதோ என்று அவர் பக்கத்தில் ஒரு சான்று இருக்க வேண்டும். சான்று இல்லாத இழப்பு அரசுக் கோப்பில் இழப்பாகவே எழுதப்படுவதில்லை. அந்தச் சான்றை உண்டாக்கும் சட்டப்பூர்வமான அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

இன்னும் சில. வடசென்னைக் கரையை அழகுபடுத்தும் அறிவிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கும் உட்கார நல்ல கடற்கரை வேண்டும், நான் எதிர்க்கவில்லை. மணல் சலிக்கும் இயந்திரம் வரும் இடங்களில், கழிமுகத்தை ஒட்டி ஒரு துண்டுக் கரையையாவது இயந்திரம் தொடாமல் விடச் சொல்லுங்கள். குப்பையைக் கையால் பொறுக்கட்டும். அலை வரி அப்படியே இருக்கட்டும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சில சங்கு, சிப்பி வகைகள் இருப்பதால், பள்ளிப் பிள்ளைகள் ஒரு டப்பா மணல் எடுப்பது குற்றமாகிவிடுமோ என்று தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். ஆய்வுக்காகச் சிறு அளவில், விற்பனைக்கு அல்லாமல், இறந்த ஓடுகளை எடுக்க எந்த அளவுக்கு அனுமதி என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை விடுங்கள். தமிழில்.

எண்ணூர் வரை மாநகராட்சி, ஆற்றைக் கடந்தால் திருவள்ளூர் மாவட்டம். இந்த எல்லைக்கோட்டால் வேலை பாதியில் நிற்கக் கூடாது. நத்தைகளுக்கு அந்தக் கோடு தெரியாது. காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுப் பக்கத்து ஊராட்சிகளின் குழுக்களையும் சேர்த்து ஒரே கணக்காக நடத்தும்படி மாநில வாரியம் எழுத வேண்டும்.

அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15ல் தொடங்கும். அதற்குள் சாந்தோம் ஆய்வகத்தோடு ஒரு கூட்டம் போட்டு, மாதிரி எடுக்கும் இடங்களை முடிவு செய்துவிட்டால், முதல் சுற்று மண்ணை அந்த மாதங்களிலேயே பிரித்துவிடலாம். இடங்களாக நான் முன்வைப்பவை: காசிமேட்டின் வடக்கு முனை, திருவொற்றியூர் சூரை மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே ஒன்று, எர்ணாவூர் பாரதியார் நகர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், கழிமுகத்துக்குள் காட்டுக்குப்பம், ஆற்றின் வடகரை, காட்டுப்பள்ளி, பழவேற்காட்டு முகத்துவாரம். சல்லடை பிடிக்கவும், பிள்ளைகளை அழைத்து வரவும், குப்பத்துப் பெண்களோடு பேசி நாள் குறிக்கவும் நானும் என் சக ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம். கூட்டத்துக்கு நாள் சொல்லுங்கள். வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
திருவொற்றியூர்.